டேக் வேண்டாம், காற்றைச் சரிசெய்யுங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்றுக்குத் தயாராவது பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். இரண்டு பேர் ஆறடிக்குள் நெருங்கினால் கத்தி, அதைப் பதிவும் செய்கிற டேக்கை எல்லோரும் மறுபடி கழுத்தில் மாட்ட வேண்டுமாம். கேமரா முகத்தைப் பார்த்து, உடல் வெப்பத்தை அளந்த பிறகுதான் கதவு திறக்குமாம். நாள் முழுக்க நாங்கள் சுவாசிக்கிற காற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்த மடல்.

போன முறை, கோவிட் காலத்தில், அந்த டேக் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றை மட்டும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்டவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். எங்கள் தளத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் கழிவறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கைத் தோழி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து, முகம் துடைத்துவிட்டுக் கூடவே இருந்தார். இரண்டு டேக்குகளும் விடாமல் கத்தின. மறுநாள் ஹெச்.ஆரிலிருந்து அழைப்பு. இவ்வளவு நேரம் ஆறடிக்குள் இருந்திருக்கிறீர்களே, காரணம் என்ன என்று கேள்வி. அந்தப் பெண் கருவுற்றிருந்தார். மாமியார் வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. முன்பின் பேசிப் பழகாத இரண்டு அதிகாரிகள் முன்னால் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சொன்னதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அதே வாரம் மீட்டிங் ரூமில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நாற்காலிகளை ஆறடி தள்ளிப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காலை முழுக்கப் பேசினோம். ஒரு டேக்கும் கத்தவில்லை. அடுத்த சில நாட்களில் அந்த அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். இடைவெளி சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் சுவாசித்தது ஒரே காற்றை.

இது எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடந்ததல்ல. 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோலில் ஒரு கால் சென்டரில் கோவிட் தொற்று பரவியது. அந்தக் கட்டடத்தின் 11ஆவது தளத்தில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்கு நோய் உறுதியானது. லிஃப்டிலும் வரவேற்பறையிலும் மற்ற தளத்துக்காரர்களோடு நிறையவே கலந்திருக்கிறார்கள்; ஆனால் மற்ற தளங்களுக்கு அது அதிகம் போகவில்லை. ஒரே இடத்தில் நெடுநேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தவர்களைத்தான் பிடித்தது. நோய்க்கிருமி காற்றில் பரவுவதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 239 விஞ்ஞானிகள் 2020 ஜூலையிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். அப்புறமும் ஆறடியையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயமா?

வாசலில் வைக்கும் வெப்பமானியும் அப்படித்தான். காய்ச்சல் தொடங்கும் முன்பே கோவிட் அடுத்தவருக்குத் தொற்றிவிடும். சிலருக்குக் காய்ச்சலே வராது.

ஏசி ஓடுகிறதே என்பீர்கள். குளிர்விப்பது வேறு, புதுக்காற்று வருவது வேறு. மின்கட்டணத்தைக் குறைக்க வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவைத்திருப்பதாகப் பராமரிப்பு ஊழியர்களே சொல்கிறார்கள். என் இருக்கைக்கு மேலே இருக்கும் கிரில்லை ஒரு நாள் டிஷ்யூவால் துடைத்தேன். அடுப்புக்கரி போலக் கறுப்பாக வந்தது. இதைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களைக் கண்காணிக்கிற கருவி என்றால் உடனே பணம் ஒதுக்கப்படுகிறது. எங்களைக் காப்பாற்றுகிற கருவி என்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறீர்கள். நாற்காலியின் உடைந்த கை முதல் இரவு ஷிஃப்ட் வண்டி வரை எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. திரட்டிய விவரம் தொற்றுக்கு மட்டும்தான் பயன்படும் என்ற உறுதிமொழியையும் எப்படி நம்புவது? சிங்கப்பூரில், யார் யாரோடு நெருங்கியிருந்தார்கள் என்று பதிகிற தொடர்பறியும் செயலியைப் பற்றி அரசாங்கமே அப்படிச் சொல்லியிருந்தது. குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்த விவரங்களைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளியே வந்தது. அங்கே கேட்க ஒரு நாடாளுமன்றமாவது இருந்தது. இங்கே நாங்கள் யாரிடம் போவது?

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். காற்றைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு மீட்டிங் ரூமிலும் கரியமில வாயு அளக்கும் மீட்டர் ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். வெளியே அந்த அளவு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு இருக்கும். உள்ளே 800ஐத் தாண்டினால், அடுத்தவர் விட்ட மூச்சை நாம் அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஆளை அடையாளம் காணாமலே ஆபத்தைக் காட்டுகிற கருவி அது. அடைத்த வழிகளைத் திறந்துவிடுங்கள். திறக்க முடியாத அறைகளில் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள், 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும். வெளிக்காற்றோ வடிகட்டிய காற்றோ, மணிக்கு ஐந்து முறையாவது அறைக்குள் மாற வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பரிந்துரைத்தது. அந்த அளவையே எங்களுக்கும் வையுங்கள்.

இவை நடக்கும்வரை டேக் திட்டத்தை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். போன முறை சேர்த்த பதிவுகளையும், முக்கியமாக அந்தப் பெண்ணிடம் வாங்கிய படிவத்தையும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவருக்கு எழுத்தில் கொடுங்கள். காற்றோட்ட வேலை என்றைக்குத் தொடங்கும் என்பதை அடுத்த சுற்றறிக்கையில் தேதியோடு தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணியாளர்களில் ஒருவர்