இரண்டாம் பாகத்தை முதலில் பார்த்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

'பசிபிக் ரிம்: அப்ரைசிங்' படத்தை எல்லோரும் ஏன் இப்படித் திட்டித் தீர்க்கிறார்கள், முதல் படத்திலும் ராட்சத ரோபோதானே பூதத்தை அடித்தது, இதிலும் அதேதானே நடக்கிறது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஆனால் நீ இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் முதல் படத்துக்குப் போனவன். திட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 2013-இல் முதல் படத்தைப் பார்த்துவிட்டு ஐந்து வருடம் காத்துக் கிடந்தவர்கள். ஒரே படத்துக்கு இரண்டு விதமான கண்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். உன்னைப் போலக் கேட்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பதால், எல்லோரும் படிக்கிற இடத்திலேயே போட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில், லாஜிக் இல்லை என்ற புகாரைத் தள்ளிவிடலாம். முதல் படத்தில் மட்டும் இருந்ததா என்ன? பசிபிக் கடலடியில் ஒரு பிளவு. அதன் வழியாக வேற்றுலகத்துப் பூதங்களான கைஜுக்கள் வருகின்றன. அவற்றை அடக்க ஜேகர் என்று ஏறக்குறைய 80 மீட்டர் உயர இயந்திரம். அதை ஓட்ட இரண்டு பேர் தங்கள் மூளைகளை ஒன்றாக இணைத்துக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து குண்டு போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டால் படம் அங்கேயே படுத்துவிடும். ஆனாலும் ரசிகர்கள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ அந்தப் பைத்தியக்காரத்தனத்தை முழு மனதோடு நம்பினார். படத்தின் முடிவில் ரே ஹாரிஹவுசனுக்கும் இஷிரோ ஹோண்டாவுக்கும் அஞ்சலி போட்டிருப்பார், பார்த்திருப்பாய். பூதப் படங்களைச் செதுக்கிய இரண்டு பெரியவர்கள்.

ரசிகர்களின் எரிச்சலில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது: எடை.

ஹாங்காங் சண்டையை மறுபடி போட்டுப் பார். நாயகனின் ஜேகரான ஜிப்சி டேஞ்சர் ஒரு சரக்குக் கப்பலைத் தெருவில் இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கையை ஓங்குவதற்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனி. மழை, கடல்நீர், இருட்டு, நகரத்து விளக்கு எல்லாம் அந்த உடம்பின் மீது வழிகின்றன. கேமரா பெரும்பாலும் ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடத்திலோ ஹெலிகாப்டர் பறக்கக்கூடிய உயரத்திலோதான் இருக்கும். ஓரிடத்தில் ரோபோவின் முஷ்டி ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு மேசை மேலிருக்கும் இரும்புக் குண்டு ஊஞ்சலை லேசாகத் தொட்டு நிற்கும். குண்டுகள் டிக் டிக் என்று ஆட ஆரம்பிக்கும். அத்தனை பெரிய கை, அத்தனை சின்னத் தட்டு. எனக்கு அந்த ஒரு ஷாட்டுக்கே காசு வசூலாகிவிட்டது.

விமானி அறைகளையும் நிஜமாகவே செட் போட்டு, இயந்திரத்தால் ஆட்டி, தண்ணீரை ஊற்றித்தான் எடுத்தார்கள். நடிகர்கள் மூச்சு வாங்குவதில் பாதி நடிப்பே இல்லை என்று வைத்துக்கொள்.

இனி உன் பிரியமான டோக்கியோ சண்டைக்கு வா. பட்டப்பகல். ஜேகர்கள் ஓடுகின்றன, தாவுகின்றன, உருள்கின்றன, இரட்டை வாளைச் சுழற்றுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரோபோ வேடம் போட்ட மனிதர்களைப் போல அவ்வளவு லாகவமாக அவை ஓடுவதால், அவற்றின் உயரம் நமக்கு மறந்துபோகிறது. உயரம் மறந்தால் பயமும் போய்விடும். முதல் படத்தில் ஓங்கிய கை விழுவதற்குள் நமக்கு ஒரு விநாடி கிடைத்தது; பயப்படுவதற்கான விநாடி அதுதான். இரண்டாம் பாகத்தின் இயக்குநர் ஸ்டீவன் டிநைட் அதை வெட்டி எறிந்துவிட்டு வேகத்தைக் கொடுத்தார். சிலர் பகல் வெளிச்சத்தில் எடுத்ததுதான் தப்பு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பகலிலும் எடையைக் காட்டலாம்.

இன்னொன்றையும் பார். ஹாங்காங்கில் விஞ்ஞானி நியூட் ஒரு பொதுப் பதுங்கிடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார். மேலே அந்தக் கைஜு நடக்கிற அதிர்வு கேட்கும், அப்புறம் கூரையே பிளக்கும். அந்த இருட்டுக்குள் நாமும் இருந்தோம். டோக்கியோவிலும் மக்கள் பதுங்கிடங்களுக்குள் ஓடுகிறார்கள். ஓடி உள்ளே போனதோடு சரி, அவர்களைப் படம் மறந்துவிடுகிறது. அதற்கப்புறம் இந்தப் பாகத்து நாயகனின் ஜேகரான ஜிப்சி அவெஞ்சர் ஈர்ப்பு விசைக் கருவியால் கட்டடங்களைப் பிடுங்கிப் பூதத்தின் மேல் சரிக்கிறது. கோபுரம் கோபுரமாக விழுகிறது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. காலி அட்டைப் பெட்டிகள் சரிகிற மாதிரிதான் இருக்கிறது.

சரி, அடுத்தது முதல் படத்தில் ஜேகர் ஓட்டிய மாக்கோ மோரி. இங்கேதான் உன்னோடு கடுமையாகச் சண்டை போடுவேன்.

ரின்கோ கிகுச்சி நடித்த அந்தப் பாத்திரத்துக்கு ரசிகர்களிடம் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆண் பாத்திரத்தின் கதைக்கு ஊறுகாயாக இல்லாமல், தனக்கென்று ஒரு கதை உள்ள பெண் பாத்திரம் ஒன்றாவது படத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ரசிகர்கள் 'மாக்கோ மோரி சோதனை' என்றே ஒன்றை உருவாக்கினார்கள். முதன்முறை மூளையை இணைக்கும்போது அவள் தன் சிறுவயது டோக்கியோவுக்குள் விழுவாளே, ஒற்றைச் சிவப்புச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி ஓடுவாளே, அந்தக் காட்சிதான் பலருக்கு அந்தப் படமே.

அப்படிப்பட்டவளை இரண்டாம் பாகத்தில் என்ன செய்தார்கள்? சிட்னியில் ஒரு ஹெலிகாப்டரில் ஏற்றி, அப்சிடியன் ஃப்யூரி என்ற எதிரி ஜேகர் வந்து நடத்தும் சண்டைக்கு நடுவே கீழே விழ வைத்துக் கொன்றுவிட்டார்கள். ஜேகர் ஓட்டியவளுக்கு ஒரு ஜேகருக்குள் உயிர்விடும் வாய்ப்புகூட இல்லை. சாவதற்கு முன் அவள் அனுப்பிய தகவல் அடுத்த காட்சிக்கான துப்பாகப் பயன்படுகிறது, எல்லோரும் கிளம்பிப் போய்விடுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் நாயகன் ஜேக் அவளுடைய வளர்ப்புத் தம்பி! அவனாக நடித்த ஜான் பொயேகா நல்ல நடிகர். அழுவதற்கு ஒரு முழுக் காட்சி கொடுத்திருந்தால் அவர் நம்மையும் அழ வைத்திருப்பார். கொடுக்கவில்லை. படத்துக்கு அவசரம். ரோபோ ஓடுகிற அதே அவசரம்.

முதல் படத்தின் நாயகன் ராலேயும் இதில் இல்லை. ஆனால் அவனைப் பற்றி யாரும் பெரிதாகக் கலங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூளை இணைப்பையும் அப்படித்தான் செலவழித்துவிட்டார்கள். முதல் படத்தில் ஒருவரோடு ஒருவர் பொருந்துகிறார்களா என்று பார்க்கவே கம்புச் சண்டை வைத்துச் சோதிப்பார்கள். இங்கே அது கிட்டத்தட்ட ஒரு சுவிட்ச். உண்மையான கைஜுக்கள் படத்தின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டுகின்றன. அதுவரை ரோபோவும் ரோபோவும் மோதிக்கொள்கின்றன. பூதம் பார்க்க வந்தவன் நெளியாமல் என்ன செய்வான்?

ரசிகர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் நினைக்காதே. இரண்டாம் பாகத்தில் சீன நடிகை ஜிங் டியான் நடித்த பாத்திரத்தைக் காட்டி, சீனச் சந்தைக்காகத் திணித்தது என்று பலர் பொரிந்தார்கள். 2016-இல் படத்தைத் தயாரித்த லெஜண்டரி நிறுவனத்தைச் சீனாவின் வாண்டா குழுமம் வாங்கியது உண்மைதான். ஆனால் வில்லி என்று நம்ப வைத்து, கடைசியில் ஸ்கிராப்பர் என்ற குட்டி ஜேகரைத் தொலைவிலிருந்து தானே ஓட்டி உதவிக்கு வருகிற அந்த லிவென் ஷாவ்தான் அந்தப் படத்தில் உயிருள்ள சில பாத்திரங்களில் ஒருத்தி. அதுபோக, முதல் படமே அமெரிக்காவைவிடச் சீனாவில்தான் கூடுதலாக வசூலித்தது. இரண்டாம் பாகம் வந்ததே அந்தப் பார்வையாளர்களால்தான் என்றுகூடச் சொல்லலாம். அவர்களைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை.

நியூட்டை வில்லனாக்கியதையும் நிறையப் பேர் கோமாளித்தனம் என்றார்கள். எனக்கு அது அந்தப் படத்தின் ஆகச் சிறந்த யோசனை. கைஜு மூளையோடு தன் மூளையை இணைத்தவன் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பினான் என்பதை நான் முதல் படத்திலேயே நம்பவில்லை. வீட்டில் அந்த மூளையை வைத்துக்கொண்டு அதற்கு ஆலிஸ் என்று பெயரிட்டுக் குடும்பம் நடத்துகிறானே, அங்கே ஒரு நல்ல திகில் படம் ஒளிந்திருக்கிறது. அதையும் ஓடிக் கடந்துவிட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் படம் வெளியாகும்போதே பார்வையாளர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணக்கில் முதல் படத்துக்கு 'ஏ மைனஸ்', இரண்டாவதற்கு 'பி'. உலக வசூல் சுமார் 41 கோடி டாலரிலிருந்து 29 கோடிக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் படம் தள்ளிப்போனதால் டெல் டோரோ இயக்குநர் நாற்காலியை விட்டுவிட்டு, தயாரிப்பாளராக மட்டும் இருந்துகொண்டு, வேறொரு சின்னப் படம் எடுக்கப் போனார். அதற்குச் சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆஸ்கர்கள் கிடைத்தது 2018 மார்ச் மாதம். 'அப்ரைசிங்' வெளியானதும் அதே மாதம்தான். அவரே எடுத்திருந்தால் என்று ரசிகர்கள் புலம்பியதற்கு இதைவிடத் தோதான நேரம் அமைந்திருக்காது. பாவம் டிநைட். அவருக்கு இதுதான் முதல் திரைப்படம்.

பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஜேக் வந்து, இனி நாங்களே உங்களைத் தேடி வருவோம் என்று எதிரிகளுக்குச் சவால் விடுவானே, அந்த மூன்றாம் படம் எப்போது என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கதையைத் தொடரும் படம் எதுவும் அதற்குப் பிறகு திரைக்கு வரவில்லை. 2021-இல் ஓர் அனிமேஷன் தொடர் வந்தது, அது வேறு ஆட்களின் கதை. வேண்டுமானால் பார்.

ஸ்கிராப்பர் உனக்குப் பிடித்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு சிறுமி குப்பை இரும்பில் தானே கட்டிய குட்டி ஜேகர் யாருக்குத்தான் பிடிக்காது? அடுத்த முறை இதைப் பற்றி யாராவது வம்புக்கு வந்தால், ஸ்கிராப்பருக்கும் நியூட்டுக்கும் நான் உன் பக்கம். மாக்கோ விஷயத்தில் மட்டும் என்னைக் கூப்பிடாதே.

அன்புடன்,
அண்ணன்