புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

திருநெல்வேலி
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அண்ணன் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்ததில் பேனாவை எடுக்கவே முடியவில்லை.

பங்குனியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். கை கால் ஓரளவு தேறியது, பேச்சும் தெளிந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் இருந்தோம். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் புரையேறும். மதினி உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்காக" என்பார்கள். யாராக இருக்கும் என்று வீட்டில் பட்டியலே ஓடும். அதில் உன் பெயரும் இரண்டு தடவை அடிபட்டது. ஒரு மாதத்தில் காய்ச்சல், இளைப்பு. படம் எடுத்துப் பார்த்தால் நிமோனியா. குடித்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழலில் இறங்கியிருக்கிறது, நாங்கள் தலையில் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்! முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இரண்டாவதாகப் போன இடத்தில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி வந்தாள். நம் பேத்தி வயதுதான் இருக்கும். ஒரு ஸ்பூன் தண்ணீரை அண்ணன் வாயில் விட்டு, இரண்டு விரலை அவர் தொண்டையில் வைத்துக்கொண்டாள். விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி, அதன் மூடி சாய்ந்து, மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டுமாம். உன் தொண்டையில் கை வைத்து எச்சிலை விழுங்கிப் பார், ஏறி இறங்குவது தெரியும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு அந்த மூடல் கொஞ்சம் தாமதமாகிறது. கஞ்சி மெதுவாக நகர்வதால் காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது. அண்ணன் கஞ்சியை ஒழுங்காகக் குடிப்பதும் தண்ணீருக்குத் திணறுவதும் ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சிலருக்கு இருமல்கூட வராமல் சத்தமின்றி இறங்கிவிடுமாம். அதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு அவள், "ஐயா வீட்ல எப்படிக் குடிப்பாங்க?" என்று கேட்டாள். அண்ணன் செம்பைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக் காட்டப் போனார். பாய்ந்து பிடுங்கிவிட்டாள்.

நம் வீடுகளில் வாய் வைத்துக் குடித்தால் எச்சில். ஆச்சி அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் மறுபடி தொடுவாள். பலர் புழங்கும் பானையில் அது நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பார். மயங்கிக் கிடப்பவனுக்கு மூச்சுப்பாதையைத் திறக்க முதலுதவிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். அதே சாய்ப்பில்தான் நாம் தண்ணீரையும் ஊற்றிக்கொள்கிறோம். தொண்டை சரியாக இருக்கும்வரை அது சமாளித்துக்கொள்கிறது.

அண்ணன் தாடையை இறக்கி, நெஞ்சைப் பார்த்தபடி, ஒவ்வொரு வாயாகக் குடிக்க வேண்டும் என்றாள். எல்லோருக்கும் இது ஒத்துவராது, அவருக்குச் சோதித்துப் பார்த்துத்தான் சொன்னாள். அவரோ, "எழுவது வருசமா அண்ணாந்து குடிச்சவன் இனிமே மாடு மாதிரி குனியணுமாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பட்டினி மாதிரிதான். கடைசியில் நான், "குறுக்குத்துறையில குளிச்சிட்டு ஆத்துத் தண்ணியை எப்படிண்ணே குடிப்போம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். மெல்லக் கையைக் குவித்தார், தலை தானாகக் குனிந்தது. அப்படியே டம்ளரைக் கையில் கொடுத்தேன். ஒரு வாய். இருமவில்லை. மதினி அடுக்களைக்குள் போய்விட்டார்கள், அழத்தான்.

இனி உன் விஷயம். காலையில் எழுந்ததும் ஒன்றரை லிட்டர் ஒரே மூச்சில் குடிக்கிறேன், சிறுநீரகக் கல் கரைந்துவிடும் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கல்லுக்குத் தண்ணீர் நல்லதுதான், மறுக்கவில்லை. இத்தாலியில் முதல் முறை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து 5 வருடம் கவனித்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 பேருக்கு மறுபடி வந்தது, வழக்கம்போல இருந்தவர்களில் 27 பேருக்கு. ஆனால் சிறுநீர் நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாமல், நாள் முழுக்க நீர்த்தபடி பிரிய வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். நீ காலையில் கொட்டிக்கொள்வது பத்து மணிக்குள் வெளியே போய்விடும். ராத்திரி சிறுநீர் கெட்டியாகும்போது கல் நிம்மதியாக வளரும். படுக்கப் போகும் முன்னாலும் ஒரு டம்ளர் குடி. நடுவில் ஒரு தடவை எழ வேண்டியிருந்தால் எழு.

இன்னொன்று. நல்ல சிறுநீரகமே மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைதான் தள்ளும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு அந்த உப்பு, அதாவது சோடியம், குறைந்திருந்தது. வழியெல்லாம் குடித்து, ஓடி முடிக்கும்போது எடை கூடியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நீ ஓடவில்லை, தெரியும். ஆனால் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறாய் அல்லவா? அந்த மாத்திரையும் சோடியத்தைக் குறைக்கும், நம் வயதில் இன்னும் சுலபமாக. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது சோடியம் பார்க்கச் சொல். தலைசுற்றல் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்காகத் தாகம் எடுத்தால் மட்டும் குடிப்பேன் என்றும் இருந்துவிடாதே. வயதாக ஆகத் தாகமே மந்தமாகிவிடுகிறது. சித்திரை வெயிலில் நான் மத்தியானம் வரை தண்ணீரை நினைக்காமலே இருந்திருக்கிறேன். இப்போது மேஜைமேல் ஒரு செம்பு வைத்துக்கொண்டு, கண்ணில் படும்போதெல்லாம் ஒரு வாய்.

நின்றுகொண்டு குடித்தால் மூட்டு தேயும் என்று நீ அனுப்பிய வாட்ஸப் செய்தியைப் படித்துச் சிரித்தேன். நின்றாலும் உட்கார்ந்தாலும் தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில்தான் சேருகிறது. முழங்காலுக்குத் தனி வாய்க்கால் எவனும் வெட்டவில்லை. கடகடவென்று குடித்தால் காற்றையும் சேர்த்து விழுங்கி வயிறு உப்பும், அது மட்டும் நிஜம்.

தையில் பேரன் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். அண்ணனும் வருகிறேன் என்கிறார். அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைத்துவிடு. வாய் வைத்துத்தான் குடிப்பார், உன் வீட்டு அம்மாளிடம் முன்கூட்டியே சொல்லி வை.

பத்து நாளாக அவருக்குப் புரையேறவே இல்லை. "இப்பல்லாம் உங்கள ஒருத்தரும் நினைக்கதே இல்ல போலுக்கு" என்று மதினி கேலி செய்கிறார்கள்.

அன்புடன்,
ராமையா