மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கு ஒரு மகளின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களே, வணக்கம்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்த 9-ஆம் நாள் சாயங்காலம், அம்மா பாத்ரூம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "மூச்சு வாங்குதுடி. வாய்வாத்தான் இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணி வை" என்றார். வைத்தேன். கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆற்றிக் கொடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அதற்குள் அம்மாவால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. 108-ஐக் கூப்பிட்டோம். சிடி ஸ்கேனில் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி தெரிந்தது.

அம்மா பிழைத்துவிட்டார். ஆபரேஷனிலும் குறை இல்லை. ஆனால் காலில் உறைந்த ரத்தம் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தையலில் தண்ணீர் படக்கூடாது, முட்டியை இவ்வளவு மடக்க வேண்டும், வாக்கரை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். மூச்சைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி 4 பக்கம், அத்தனையும் ஆங்கிலம். வயிறு எரிகிறது என்று அம்மா மாத்திரைகளை நிறுத்தியபோது, வலி மாத்திரைதானே என்று விட்டுவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததும் அதில்தான் இருந்தது.

ஒரே ஒரு தாள் கேட்கிறேன். தமிழில், பெரிய எழுத்தில். திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எது, எத்தனை நாள் என்பதும் வேண்டும். முழங்காலுக்கு 2 வாரம் கொடுத்தாலும் இடுப்புக்கு 35 நாள் வரை கொடுப்பதுண்டாம். மாத்திரை முடிந்த பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் அந்த மூன்று பந்துக் கருவி. அம்மா 2 நாள் அதை ஊதிக்கொண்டே இருந்தார். உறிஞ்ச வேண்டும் என்று வழியில் போன ஒரு நர்ஸ்தான் நின்று காட்டிக்கொடுத்தார். சத்தமாகக் குறட்டை விடுவாரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா என்றும் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரைக் கேளுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கடுமையான வலி மருந்து மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

அம்மாவுக்கு இன்னொரு முழங்கால் பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். கேட்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்