கோட்டையை ஒட்டிய மனைகளுக்கு விலை போடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் விலை, போடுகிறவர்கள், பழஞ்சின்னங்களைச் சுற்றி எல்லை போடுகிறவர்கள், இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுவதால் வேறு வழியில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுக் கிரயம் முறிந்துபோனது. அம்மா பேரில் உள்ள வீடு, வேலூர்க் கோட்டை அகழிக்குப் பக்கம். வாங்க வந்தவர் நல்ல மனிதர். பழைய வீட்டை இடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க நாலைந்து அறை கட்டுவதாக இருந்தார், அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். வங்கி வக்கீல் இது தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வருகிறது என்று எழுதிக்கொடுத்ததும் கடன் நின்றது, அதோடு கிரயமும் நின்றது. அட்வான்ஸில் கொஞ்சம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குச் செலவாகியிருந்தது. அதை அண்ணன் வட்டிக்கு வாங்கித்தான் திருப்பிக் கொடுத்தார்.

பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் உங்களுக்குத் தெரியும். 1992 ஜூன் 16 அறிவிக்கை, அப்புறம் 2010 திருத்தம்: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 1992க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதற்கும் மனு போட வேண்டும். இடித்துவிட்டு அதே அளவில் திரும்பக் கட்டுவதற்குக்கூட வழியில்லை. எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ், மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை, மழை வந்தால் அறைக்கு அறை பாத்திரம் வைக்கிறோம்.

சரி, கோட்டைக்காக அதையும் பொறுத்துக்கொள்கிறோம். பொறுக்க முடியாதது நீங்கள் போட்டிருக்கும் விலை. எங்கள் தெருவில் கட்டவே முடியாத மனைக்கும், கொஞ்சம் தள்ளி மாடிமேல் மாடி கட்டி லாட்ஜ் நடத்தும் மனைக்கும் சதுர அடிக்கு ஒரே வழிகாட்டி மதிப்பு. சந்தையில் எங்கள் வீட்டை அந்த விலைக்கு யாரும் கேட்பதில்லை. குறைத்து விற்கலாம் என்றாலும், வாங்குகிறவர் உங்கள் மதிப்புக்குத்தான் 7 சதவீதம் முத்திரைத் தீர்வையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியும் உங்கள் மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்கிறது, அதாவது கைக்கு வராத பணத்துக்கு அம்மா வரி கட்ட வேண்டும். கட்டாதே என்று சொல்வதும் அரசு, கட்டக்கூடிய மனையின் விலைக்கு வரி கொடு என்பதும் அரசு. இது எந்த விதத்தில் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் கேட்கிறேன்: தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வரும் மனைகளுக்குத் தனி வழிகாட்டி மதிப்பு போடுங்கள், அதை சர்வே எண்ணோடு வெளியிடுங்கள்.

சர்வே எண் ஏன் என்றால், அந்த 100 மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மதிலிலிருந்து என்கிறார் ஒருவர், அகழியின் வெளிக்கரையிலிருந்து என்கிறார் இன்னொருவர். எங்கள் பட்டாவில் இது இல்லை, பத்திரத்தில் இல்லை, வில்லங்கச் சான்று எடுத்தாலும் வரவில்லை. அட்வான்ஸ் கைமாறிய பிறகு வக்கீல் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

133 ஏக்கர் கோட்டையால் இந்த ஊருக்கே லாபம். நடுநகரத்தில் வேறு எங்கே இவ்வளவு வெட்டவெளியும் தண்ணீரும் இருக்கிறது? மாலையில் ஜனங்கள் வந்து உட்காருகிறார்கள், வெளியூர்க்காரர்கள் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரரைப் பார்க்க வருகிறார்கள், சுற்றுவட்டாரத்தில் கடை வாடகை ஏறுகிறது. ஆனால் அந்த ஏற்றம் முழுக்க எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்குப் போகிறது, அதற்கான விலையை எல்லைக்குள் இருக்கிற நாங்கள் கொடுக்கிறோம். ஸ்மார்ட் சிட்டி என்று ஊருக்குள் எவ்வளவோ வேலை நடந்தது, இந்தத் தெருக்களில் யாருடைய கூரை ஒழுகுகிறது என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை. மும்பையில் பாரம்பரியக் கட்டடத்தின் உரிமையாளர், தான் கட்ட முடியாமல்போன பரப்புக்கான உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்க முடியும். பழஞ்சின்னத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படி ஒன்று இங்கே ஏன் யோசிக்கக்கூடாது?

கோட்டையை இடியுங்கள் என்றோ, சட்டத்தைத் தளர்த்துங்கள் என்றோ நாங்கள் கேட்கவில்லை. 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயரை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் அது. ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கான் நினைவுத்தூணில் நீங்கள் மரியாதை செலுத்தும்போது நாங்களும் வந்து நிற்கிறோம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடைப் பகுதி மனைகளுக்குத் தனி மதிப்பு, சர்வே எண்ணோடு. அடுத்த முறை வழிகாட்டி மதிப்பைத் திருத்தும்போது இதைச் செய்துதர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை வெளியிடுவதற்கு முன் நில அளவையரை ஒருமுறை எங்கள் தெருவுக்கு அனுப்பி வையுங்கள், பத்திரங்களோடு காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கோட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்,
வேலூர்.