எந்த 'டி'?

ஆசிரியருக்கு,

தந்தைவழி மரபணுக் கிளைகள் பற்றி, அதாவது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் வை நிறமூர்த்தத்தை வைத்து வகுக்கும் கிளைகள் பற்றி, வந்த கட்டுரையை வாசித்தேன். பயனுள்ளதுதான், ஆனால் பெயர்களில் முட்டுப்பட்டுவிட்டேன்.

கனடாவில் இருக்கும் என் பெறாமகன் எச்சில் கொடுத்துச் சோதித்ததில் அவனுடைய கிளை 'டி' என்று வந்ததாம். "ஆங்கிலத்தில் நாலாவது எழுத்தா, இருபதாவது எழுத்தா?" என்று தொலைபேசியில் கேட்டேன், சிரித்தான். தமிழில் இரண்டும் ஒரே 'டி' தானே. அவனுடையது இருபதாவது. அந்தக் கிளைக்குப் பழைய பெயர் கே2. 2002 இல் ஆய்வாளர்கள் வகுத்த பட்டியலில் ஏ முதல் ஆர் வரை 18 பெருங்கிளைகள் இருந்தன. 2008 இல் கே2 வை டி ஆக்கினார்கள். அப்புறம் கே2 என்ற பெயரை வேறொரு பெரிய கிளைக்குக் கொடுத்துவிட்டார்கள்! பழைய கட்டுரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வாசிப்பவர் என்ன செய்வார்?

எங்கள் பக்கம் புளியங்குளம் என்றால் ஓமந்தைக்கு வடக்கே என்று சேர்த்துச் சொல்வோம், அந்தப் பெயரில் வேறு ஊர்களும் இருப்பதால். அதுபோல, கிளையை அடையாளம் காட்டும் விகாரத்தின் (மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தின்) குறியையும் போடுங்கள். டி‑எம்70 என்றால் குழப்பமில்லை. பட்டியல் மாறினாலும் எம்70 மாறாது.

இன்னொன்று. கட்டுரையாளர் கிளையை 'இனம்' என்று எழுதியிருக்கிறார். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடங்கள். வை நிறமூர்த்தம் காட்டுவது அதில் ஒரே ஓர் ஆண் மூதாதையரை. என் அம்மம்மாவின் தகப்பன் கூட அதில் இல்லை.

இளைப்பாறிய ஆசிரியர்,
கனகராயன்குளம்.