வரைவதற்கு முன் பெரியம்மாவிடம் கேளுங்கள்

மொறட்டுவையில் பயோமெடிக்கல் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். என் பெரியம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்ச்சிகிச்சை முடிந்து, உள்கதிர்ச் சிகிச்சைக்குப் போன நாட்களில் கூட இருந்தவள் நான். உங்களில் யாராவது இறுதியாண்டு புரொஜெக்டுக்கு அப்ளிகேற்றர் ஒன்றை, அதாவது கதிர் மூலத்தை உடம்புக்குள் கொண்டுபோய் வைக்கும் கருவியை, வடிவமைக்க நினைத்தால், இதையும் ஒருக்கால் வாசியுங்கள்.

நேர்மாறு வர்க்க விதி உங்களுக்குத் தெரியும்: தூரம் இரட்டித்தால் கதிரின் செறிவு நாலிலொன்றாகும். அதனால்தான் இரிடியம் 192 என்ற கதிர் மூலத்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆனால் முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். கருவி சில மில்லிமீற்றர் நகர்ந்தாலே கணக்கு பிழைத்துவிடும். நகராமல் பிடித்து வைக்கப் பல இடங்களில் இன்னமும் சுற்றி அடைக்கும் கோஸ் துணியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஸ்கான் எடுத்து, திட்டம் போட்டு முடியும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். கதிர் பாய்வதோ சில நிமிடங்கள். பெரியம்மாவைக் கேட்டால், "கதிர் ஒன்றும் செய்யேல்லை, கழட்டேக்கைதான் உயிர் போனது" என்பார்.

வியன்னாவில் உருவான அப்ளிகேற்றர் வகையில், கருப்பைக் கழுத்தோடு ஒட்டி இருக்கும் வளையத்திலேயே துளைகள் போட்டார்கள். அவற்றின் வழியே ஊசிகளைச் செலுத்தி, பக்கவாட்டில் பரவிய கட்டியையும் எட்ட முடிந்தது. அருமையான யோசனைதான். ஆனால் வெளிக்கதிர் பட்டுச் சுருங்கிப்போன யோனிக்குள் அந்த வளையம் எப்படிப் போகும்? மாதவிடாய் நின்று பல வருடமான ஒருத்திக்கு? கட்டியைப் பார்த்து அளவெடுப்பதைப்போல உடம்பையும் பார்த்து அளவெடுக்கலாமே.

முப்பரிமாண அச்சு இருக்கிறதே என்பீர்கள். சரி, நல்லது. ஆனால் ஆய்வுகூடத்தில் கைக்கு வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை அளவிலேயே நெகிழத் தொடங்கும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் சூடு 121 பாகை. எம்ஆர்ஐக்குப் பொருந்தும் பொருளா, விளிம்பு மழுங்கியிருக்கிறதா, இடுக்கில் இரத்தம் தங்குமா, துண்டு துண்டாகக் கழற்ற வருமா என்பதெல்லாம் திரையில் தெரியாது. கோஸ் அடைக்கும் டொக்டரிடமும் கருவியைக் கழுவும் நேர்ஸிடமும் கேளுங்கள்.

பெரியம்மா உங்களோடு பேசச் சம்மதித்திருக்கிறார். ஒரே நிபந்தனை: அந்த அறையில் ஒரு தங்கச்சியாவது இருக்க வேண்டுமாம். கதிரைக்கு மெத்தையும் வேண்டும், நெடுநேரம் இருக்க அவரால் இன்னும் ஏலாது.

இப்படிக்கு,
கூட இருந்த ஒரு பெறாமகள்