பழைய லீக்குக்குப் புது வால்வு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மாலதி கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குன்னூர் மேடு பள்ளத்தில் எப்படிச் சமாளிக்கப்போகிறாளோ என்று கமலா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள். இங்கே பெங்களூரில் எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். காலையில் கொண்டுபோய் விடுவதும் மதியம் அழைத்து வருவதும் என் பொறுப்பு. நடுவில் கிடைக்கும் நேரம்தான் எனக்கும் என் சால்டரிங் அயனுக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் பங்களா சாமான்களோடு வந்த அந்த லீக் ஸ்டீரியோ 20 வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு எந்த வால்வு வாங்கலாம், பழைய இங்கிலாந்து மல்லார்டு தேடலாமா, புதுசு போதுமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆனால் என் கண்ணில் பட்டது நீ போகிற போக்கில் எழுதிய ஒரே ஒரு வரி. வலது பக்கத்து வால்வு ஒன்றின் உள்ளே இருக்கிற தகடு கொஞ்ச நேரத்தில் மங்கலாகச் சிவக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது. நடுவில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் தெரிவது இயல்பு. வெளியே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கவே கூடாது. இதைச் சரிபார்க்கும்வரை ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து பாட்டுக் கேட்காதே. வால்வு போனால் வாங்கிக்கொள்ளலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் அதே மாதிரி இன்னொன்றுக்கு எங்கே போவது?

இப்படிச் சிவப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வால்வு இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர்தான். ஃபேஸ் ஸ்ப்ளிட்டர், அதாவது சங்கீதத்தை எதிரெதிர் இரண்டாகப் பிரிக்கும் வால்வின் ஆனோடில் (தகட்டில்) இருநூறு வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். அதைத் தடுத்து, சங்கீதத்தை மட்டும் இஎல்84 என்ற அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, விடுவது அந்தக் கண்டென்சரின் வேலை. ஸ்டீரியோ 20 வெளிவந்தது 1958-இல். அறுபது வருஷத்துக்கு மேல் ஆன கண்டென்சர் லேசாகக் கசியும். கிரிட்டுக்கு இரண்டு மூன்று வோல்ட் வந்துவிட்டாலே போதும், வால்வு அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துத் தகடு சிவந்துவிடும். அந்தச் சாக்கெட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வால்வைப் போட்டாலும் அதற்கும் இதே கதிதான்.

சோதிப்பது சுலபம். சிவக்கிற அந்த ஒரு வால்வை மட்டும் கழற்றிவிடு. அவுட்புட் வால்வு நாலையும் கழற்றாதே. இழுக்க ஆள் இல்லாமல் எச்.டி. என்ற உயர் வோல்டேஜ் ஏறி, அதைச் சீராக்கும் பழைய ஸ்மூத்திங் கண்டென்சரைப் பதம் பார்த்துவிடும். ஸ்பீக்கர் இணைப்பு அப்படியே இருக்கட்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை முன்கூட்டியே சேஸியில் (உலோகச் சட்டத்தில்) கிளிப் போட்டு மாட்டிவிடு. சாக்கெட்டைக் கீழ்ப்பக்கமிருந்து பார்த்தால் பின்களுக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி தெரியும். அதிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணினால் இரண்டாவது பின்தான் கிரிட். ஆன் செய்து ஒரு நிமிஷம் கழித்து அங்கே சிவப்பு முனையை வை. பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் அந்தக் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். ஒன்று போயிருந்தால் கப்ளிங் கண்டென்சர் நாலையும் மாற்றிவிடு, 400 வோல்ட்டுக்குக் குறையாத பாலிப்ரொப்பிலீன் வகையாக. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, சேகர். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு கையால்தான் அளக்க வேண்டும். ஆஃப் செய்த பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துக்கொண்ட பிறகே உள்ளே கை வை.

பூஜ்யம் காட்டினால் கண்டென்சர் நல்லது. அப்போது அந்த வால்வைப் பக்கத்துச் சாக்கெட்டில் போட்டு, அதை இங்கே போட்டு, ஒரு நிமிஷம் மட்டும் பார். சிவப்பு வால்வோடு இடம் மாறினால் கோளாறு வால்வில். அதே சாக்கெட்டில் தங்கினால் கேதோடு (எலக்ட்ரான் கிளம்பும் முனை) ரெசிஸ்டரையும் அதன் கண்டென்சரையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது உங்கள் ஊர் கரண்ட். பகலில் 230, ராத்திரி பங்களாக்களில் விளக்கு அணைந்ததும் 250 வரை போகிறது என்று முன்பு ஒருமுறை சொன்னாய். ஹீட்டர் 6.3 வோல்ட்டில் ஓட வேண்டியது. 230-க்கு அமைத்த டிரான்ஸ்ஃபார்மரில் 250 வந்தால் ஹீட்டரில் ஏறக்குறைய 6.85 நிற்கும். தாங்கும் எல்லையின் விளிம்பு அது. எச்.டி.யும் அதே விகிதத்தில் ஏறும். வால்வின் ஆயுள் குறைய இதைவிட வேறு காரணம் வேண்டாம். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிவிடு. பழைய மல்லார்டுக்கு நீ ஒதுக்கியிருக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் வால்வுப் பேச்சு.

உன் ஆம்ப்ளிஃபயரில் எட்டு வால்வு. அவுட்புட்டுக்கு இஎல்84 நாலு, அதற்கு முன்னால் இசிசி83 மூன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் ஜிஇசட்34 ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி செலவு செய்யத் தேவையில்லை. அவுட்புட் வால்வுதான் சூட்டில் உழைத்துத் தேய்கிறது. சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அங்கே அரிய பொருளைப் போட்டு எரிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. இப்போது தயாராகிற நல்ல இஎல்84-ஐப் பொருத்தம் பார்த்து வாங்கு. ஸ்லோவாக்கியாவில் சாட்சா என்ற ஊரில் ஜேஜே ஆலை இருக்கிறது. அவர்கள் வால்வு நம்பகமானது, எளிதாகவும் கிடைக்கிறது. சோவியத் காலத்தில் ராணுவத் தேவைக்காகச் செய்து வைத்த, இஎல்84-க்கு இணையான 6பி14பி-ஈவி பழைய இருப்பாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதிர்ச்சி தாங்கும்படியும் நீண்ட ஆயுளுக்காகவும் செய்த ரகம். சாதாரண இஎல்84-க்கு ஆனோடு வோல்டேஜ் எல்லை 300. இது அதற்கு மேலும் தாங்கும். கரண்ட் ஏறி இறங்குகிற ஊருக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதே. இன்று கடையில் புதுப் பெட்டியில் இருக்கும் 'மல்லார்டு' இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஆலையில் செய்தது இல்லை. ரஷ்யாவில் சரடோவ் ஆலையில் செய்தது. டங்-சால், சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பெயர்களில் வருவதும் அங்கிருந்துதான். வால்வுகள் மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்த அத்தனை பெயர்களும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடானது இதனால்தான்.

பொருத்தம் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒவ்வொரு சேனலிலும் இரண்டு இஎல்84 எதிரெதிராக வேலை செய்கின்றன. இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுத்தால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் இருவர் விளைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்று அதிகம் இழுத்தால் மிச்சம் நிற்கும் காந்தம் இரும்பைப் பாதி நிரப்பிவிடும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி கலங்கும். அதனால் விற்பவரிடம் எத்தனை வோல்ட்டில் அளந்தார், எத்தனை மில்லி ஆம்பியர் வந்தது என்று கேள். இஎல்84-இன் தரவுத்தாளில் 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். அதை ஒட்டி, ஜோடிக்குள் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் போதும். 'மேட்ச்டு பேர்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, எண் சொல்ல முடியாதவரிடம் வாங்காதே.

மாட்டிய பிறகு நீயே ஒருமுறை அளந்து பார். மூன்றாவது பின் கேதோடு. அங்கே வரும் வோல்டேஜை ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் கரண்ட். 270 ஓம் ரெசிஸ்டரில் 10.8 வோல்ட் வந்தால் 40 மில்லி ஆம்பியர். இரண்டு வால்வுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் இருந்தால் அது இரண்டும் சேர்ந்த கணக்கு. ஒரு வால்வுக்கு 40 என்றால் அதில் நாலைந்து ஸ்கிரீன் கிரிட் என்ற இன்னொரு வலைக்குப் போய்விடும். மீதி 35 என்று வைத்து, ஆனோடுக்கும் கேதோடுக்கும் நடுவில் இருக்கும் 300 வோல்ட்டால் பெருக்கினால் பத்தரை வாட். தகட்டின் எல்லை 12 வாட். அதற்குள் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இசிசி83 விஷயத்தில்தான் உன் ஆசைக்கு நான் துணை நிற்கிறேன். சின்ன வால்வு, ஒரு மில்லி ஆம்பியர் அளவில் ஓடுவது. பத்து, பதினைந்து வருஷம்கூட வரும். ஆகவே நல்லதாக ஒன்று தேடிப் போடுவதில் அர்த்தம் உண்டு. மூன்றில் முதல் சாக்கெட்டில் இருப்பது இரண்டு சேனலுக்கும் பொது, ஒரு பாதி இடதுக்கு, மறு பாதி வலதுக்கு. அங்கே வருகிற இரைச்சலைத்தான் பின்னால் உள்ள எல்லாம் பெருக்கிக் காட்டும். அதனால் இருப்பதிலேயே அமைதியான வால்வு அந்த இடத்துக்கு. பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டு. ஸ்பீக்கரில் மணி அடிப்பது போல 'டிங்' என்று நீண்டு கேட்டால் மைக்ரோஃபோனிக் வால்வு, முதல் சாக்கெட்டுக்கு ஆகாது. மற்ற இரண்டும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டர். அங்கே வால்வின் இரு பாதியும் சமமாக இருப்பது முக்கியம், பிராண்டு முக்கியம் இல்லை.

முதல் சாக்கெட்டுக்கு நான் சொல்வது நம் பெல் வால்வு. ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிலிப்ஸ் தொழில்நுட்பத்தோடு வால்வு செய்துகொண்டிருந்த காலத்து இசிசி83, பெட்டி பிரிக்காமல் இன்னும் பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. வெளிநாட்டில் இப்போது இதைத் தேடி வாங்குகிறார்கள், நாம் மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம்தான். என்னிடம் இருப்பதில் அமைதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இசிசி82 போட்டால் ஒலி இனிமையாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. இசிசி83-இன் பெருக்கம் 100, அதன் பெருக்கம் 17. லீக்கின் ஃபீட்பேக், அதாவது வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டுப் பிழை திருத்தும் கணக்கே குலைந்துவிடும்.

அசல் மல்லார்டு என்று யாராவது கொண்டு வந்தால், மேலே அச்சடித்த பெயரை விட்டுவிட்டுக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மங்கலாக இருக்கும் குறியீட்டை லென்ஸ் வைத்துப் பார். இரண்டாவது வரி பி என்ற ரோமன் எழுத்தில் தொடங்கினால் பிளாக்பர்ன். சிறு முக்கோணம் இருந்தால் ஹாலந்தில் ஹேர்லன் ஆலை. குறியீடே இல்லாமல் பளபளப்பான பெயர் மட்டும் இருந்தால் வாங்காதே. உச்சியில் வெள்ளிப் பூச்சு வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அதுவும் வேண்டாம்.

ஜிஇசட்34 மல்லார்டு என்று எழுதியிருக்கிறாய். நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், புதியவை எதுவும் அதற்கு ஈடில்லை. முதல் ஸ்மூத்திங் கண்டென்சரை மாற்றும்போது 60 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகாதே, ரெக்டிஃபயர் தாங்காது. அவசரத்துக்கு 5யூ4 போடலாமா என்று கேட்டாய். வேண்டாம். அதன் ஹீட்டர் 3 ஆம்பியர் கேட்கும், இது 1.9. டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிவிடும்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். லீக் நிறுவனத்தைத் தொடங்கிய ஹெரால்ட் லீக் 1945-லேயே டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.1 சதவீதம் என்று சொல்லி ஆம்ப்ளிஃபயர் விற்றவர். அதற்காகவே நிறைய ஃபீட்பேக் வைத்துக் கட்டினார். அப்படிக் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் வால்வுக்கு வால்வு ஒலி வித்தியாசம் மிகக் குறைவாகத்தான் தெரியும். நல்ல கண்டென்சர், சரியான வோல்டேஜ், பொருத்தமான ஜோடி, இந்த மூன்றும் அமைந்த பிறகு மாலியின் புல்லாங்குழல் தட்டைப் போட்டுக் கேள். மூச்சு எடுக்கும் இடம் தெளிவாகக் கேட்டால் பிராண்டுக்காக மேற்கொண்டு ஒரு பைசா செலவழிக்காதே.

குன்னூர் ஈரத்தில் சாக்கெட் பின்கள் பச்சை பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய வால்வை இரண்டு மூன்று தடவை செருகி எடுத்த பிறகே புதியதை மாட்டு.

இரண்டாவது பின் அளவையும் நாலு கேதோடு வோல்டேஜையும், ராத்திரி ஒன்பது மணிக்குப் பிளக்கில் வரும் வோல்டேஜோடு எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு ஜேஜேவா 6பி14பியா என்று முடிவு செய்வோம். கமலாவின் தங்கை அடுத்த மாதம் ஊட்டிக்கு வருகிறாள். இசிசி83-ஐயும் நாலு கண்டென்சரையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள். மாலதியிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு

பி.கு. வலது சேனல் சரியாகும்வரை இடது பக்கம் மட்டும் போட்டுக் கேட்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பவர் சப்ளை இரண்டுக்கும் ஒன்றுதான்.